பொடிப்பனியில் திணறும் என்ஜின்

காஷ்மீரத்தில் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள குல்மார்க்கில், குளிர்காலத்தில் ஸ்நோமொபைல் என்னும் பனி மோட்டார் வண்டிகள் ஓடுகின்றன. இறுகிய பனியின்மேல் செவ்வனே ஓடும் வண்டி, புதிதாகப் பெய்த ஆழ்ந்த பொடிப்பனியில் புகுந்ததும் வலுவிழந்து நின்றுவிடுவதுண்டு. இதற்குக் காரணம் யாது?

ஒரு பங்கு பெட்ரோல் முற்றிலும் எரிவதற்கு, எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். அவ்வுயரத்திலோ காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்கே. இந்நிலையில், வண்டியின் முன்புறத்தில் எழும் பனித்தூள் காற்று நுழையும் துளைகளின் வலையில் படிந்து அவற்றை அடைக்கிறது. காற்றுக் குறையவே கலவையில் பெட்ரோல் மிகுகிறது, ஸ்பார்க் பிளக்கில் கரி படிகிறது, என்ஜின் திணறுகிறது.

வலையை அகற்றிவிடுதல் பரிகாரம் ஆகாது. உட்புகும் பனி உருகி, கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாவதால் உண்டாகும் குளிர்ச்சியில் மீண்டும் உறைந்து, திராட்டில் வால்வைப் பற்றிக்கொள்ளக்கூடும். வால்வு திறந்தபடியே சிக்கினால் வேகத்தைக் குறைக்க இயலாது. உயிருக்கே ஆபத்து நேரும்.

ஆகவே, வெளிக்களப் பணியாளர் என்ஜினை நிறுத்திய பின்னரே வலைமீது படிந்த பனியைத் தூரிகையால் நீக்க வேண்டும். மீண்டும் புறப்படுமுன் திராட்டில் பிடியை அழுத்திவிட்டு, அது தானே திரும்புகிறதா எனச் சோதித்தல் இன்றியமையாதது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். குழாயின் ஒரு முனையில் துணியைக் கட்டி, மறுமுனையில் மாணவனைக் காற்றை உறிஞ்சச் செய்க. பின்பு துணியை நனைத்து அவ்வாறே செய்க. துணியின் கண்களை நீர் அடைப்பதுபோன்றே வலையின் கண்களைப் பனி அடைக்கிறது என்பது புலனாகும்.