நகர மிதிவண்டியும் மக்களின் வடிவமைப்புத் திறனும்

பொழுது புலர்வதற்கு முன்னரே இந்திய நகரங்களின் சாலைகளில் மிதிவண்டிகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. பால் கேன்களைத் தொங்கவிட்ட வண்டிகள், செய்தித்தாள் கட்டுகளைச் சுமந்த வண்டிகள், உணவுத் தூக்கைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஆலைக்கும் கட்டட வேலைக்கும் விரைவோரின் வண்டிகள் என அவற்றின் வரிசை நீளும். அலுவலக நேரத்து மோட்டார் வாகன நெரிசல் தொடங்குமுன் இவர்களுள் பலர் தம் பணியிடத்தை அடைந்துவிடுகின்றனர். எனவே, நகரத் திட்டங்களை வகுப்போரின் கண்ணில் இவர்கள் படுவது அரிதாகவே உள்ளது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் சாராத தொழிலாளர்கள் ஏறத்தாழ 20 கோடிப் பேர். அவர்களுள் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர், அதாவது 13 விழுக்காட்டினர், மிதிவண்டியில் பணிக்குச் சென்றனர். காரில் சென்றோர் 3 விழுக்காட்டிற்கும் குறைவே. மிதிவண்டி நம் நாட்டில் முதன்மையாக ஓர் உழைப்புக் கருவி என்பதை இப்புள்ளிவிவரம் உணர்த்துகிறது. அக்கருவியை உழைப்பாளர்கள் தம் தேவைக்கேற்ப எவ்வாறு மாற்றியமைத்துள்ளனர் என்பதை அறிந்துகொள்ளாமல் வகுக்கப்படும் எந்தத் திட்டமும் முழுமை பெறாது.

தொழில் வேரூன்றிய விதம்

விடுதலைக்கு முன் நம் நாட்டில் ஓடிய மிதிவண்டிகளுள் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானவை. 1930-களின் இறுதியில் உள்நாட்டு உற்பத்தி சிறிய அளவில் தொடங்கிற்று. விடுதலைக்குப் பின் அது வேகம் பெற்றது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலே, ஹரியானாவின் சோனிபட்டில் அட்லஸ், பஞ்சாபின் லூதியானாவில் ஏவான், ஹீரோ ஆகிய நிறுவனங்கள் 1949-க்கும் 1956-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் தோன்றின. உதிரிப் பாகங்கள் பலவற்றின் உற்பத்தி சிறுதொழில்களுக்கு ஒதுக்கப்பட்டதால், லூதியானாவில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வளர்ந்தன. 1986-இல் உலகிலேயே மிக அதிகமாக மிதிவண்டி தயாரிக்கும் நிறுவனம் என்று கின்னஸ் பதிவேட்டில் ஹீரோ நிறுவனம் இடம்பெற்றது.

இவ்வளர்ச்சியின் ஒரு விளைவு கவனத்திற்குரியது. எல்லா நிறுவனங்களும் பல ஆண்டுகள் ஏறக்குறைய ஒரே வடிவ வண்டியையே தயாரித்து வந்தன. ஆகையால், ஒரு நிறுவனத்தின் வண்டிக்கு மற்றொரு நிறுவனத்தின் பாகம் பொருந்திற்று. மரத்தடியில் காற்றடிக்கும் பம்பும் சில ஸ்பானர்களும் வைத்திருக்கும் எவரும் எந்த வண்டியையும் பழுதுபார்க்க முடிந்தது. பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு மாற்றியமைப்பதும் கைவந்தது. மக்களின் வடிவமைப்புத் திறனுக்கு அடித்தளமாக அமைந்தது இப்பொதுமையே.

கருப்பு வண்டியின் அமைப்பு

மூத்த தலைமுறையினர் நன்கறிந்த கருப்பு நிற வண்டி, இங்கிலாந்தின் ரோட்ஸ்டர் வகையைச் சேர்ந்தது. இருபத்தெட்டு அங்குலச் சக்கரங்கள், கம்பி பிரேக், சங்கிலியை மூடும் தகட்டு உறை, கனமான கேரியர், பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தும் இரட்டைக்கால் ஸ்டாண்டு ஆகியன அதன் உறுப்புகள். எடை மிகுந்தது, கியர் அற்றது எனினும் அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பயன் உண்டு. பெரிய சக்கரம் பள்ளங்களில் எளிதில் சிக்குவதில்லை. தகட்டு உறை சங்கிலியை மழைநீரிலிருந்தும் புழுதியிலிருந்தும் காப்பதுடன், வேட்டியும் பைஜாமாவும் அதில் சிக்காமல் தடுக்கிறது. சாய்ந்த முன் ஃபோர்க் மேடுபள்ளங்களின் அதிர்ச்சியை ஓரளவு தாங்குகிறது.

இதன் இயக்கத் திறனும் குறிப்பிடத்தக்கது. சமதளத்தில் மிதிவண்டியில் செல்பவர் ஒரு கிலோமீட்டருக்குச் செலவிடும் ஆற்றல், நடந்து செல்பவர் செலவிடுவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொறியியலாளர் எஸ்.எஸ். வில்சன் 1973-இல் வெளியிட்ட கட்டுரையொன்று இவ்வுண்மையை உலகறியச் செய்தது. ஐந்து கிலோமீட்டர் தொலைவை ஒரு தொழிலாளி எரிபொருள் செலவின்றி இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் கடந்துவிடலாம். பேருந்துக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகை அவர் குடும்பத்தின் உணவுக்கு உதவுகிறது.

தெருவோரப் பட்டறையின் ஆக்கங்கள்

பால் விற்பவர் தம் வண்டியின் கேரியரில் வளைத்த இரும்புக் கொக்கிகளைப் பற்றவைத்து, இருபுறமும் கேன்களைத் தொங்கவிடுகிறார். எடை இருபுறமும் சமமாகவும், கூடியவரை தாழ்வாகவும் இருந்தால்தான் வண்டி சாயாது என்ற இயற்பியல் விதியை அவர் அனுபவத்தில் அறிந்துள்ளார். எரிவாயு உருளைகளை வீடுகளுக்குக் கொண்டு செல்வோரும் இம்முறையையே கையாள்கின்றனர். மும்பையின் டப்பாவாலாக்கள் உணவு டப்பாக்களைக் கைப்பிடியிலும் கேரியரிலும் தொங்கவிட்டு, வீட்டிலிருந்து ரயில் நிலையத்திற்கும் அங்கிருந்து அலுவலகங்களுக்கும் கொண்டு செல்கின்றனர். நெடுந்தொலைவுக்கு ரயிலும், தெருக்களுக்கு மிதிவண்டியும் எனப் பிரித்துக்கொண்ட இவ்வேற்பாடு, ஒருங்கிணைந்த போக்குவரத்துக்குச் சிறந்த பாடமாகும்.

சாணை பிடிப்பவரின் ஆக்கம் இன்னும் நுட்பமானது. அவர் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சாணைக்கல்லை வண்டியின் சட்டத்தில் பொருத்தி, பின்சக்கரத்தோடு வார் கொண்டு இணைத்துவிடுகிறார். இருக்கையில் அமர்ந்து மிதித்தால் கல் சுழல்கிறது. அவரைத் தெருத்தெருவாக அழைத்துச் செல்லும் வாகனமே நின்ற இடத்தில் பட்டறையாகவும் ஆகிவிடுகிறது.

ஜார்க்கண்டில் ராஞ்சி நகருக்கு நிலக்கரி கொண்டுவருவோர் இருநூறு கிலோ கிராமுக்கும் மேற்பட்ட எடையை ஒரே மிதிவண்டியில் ஏற்றி, மேட்டில் அதனைத் தள்ளிக்கொண்டே நெடுந்தொலைவு நடக்கின்றனர். இத்தகைய பாரத்தைத் தாங்குவதற்காக வண்டியின் சட்டம் கூடுதல் கம்பிகளால் வலுப்படுத்தப்படுகிறது. இங்கு வெளிப்படும் திறன் வியப்புக்குரியது. ஆனால் அதன் பின்னுள்ள வறுமை கொண்டாடத்தக்கதன்று. மக்களின் ஆக்கத்திறனைப் போற்றுவது, அவர்கள் படும் துன்பத்தை ஏற்றுக்கொள்வதாக ஆகிவிடக் கூடாது.

ரிக்‌ஷா கற்பிக்கும் பாடம்

இவ்வேறுபாட்டைச் சைக்கிள் ரிக்‌ஷாவின் வரலாறு தெளிவாகக் காட்டும். மரபான ரிக்‌ஷாவின் எடை ஏறத்தாழ எண்பது கிலோ. இரு பயணிகளையும் சேர்த்து இழுக்க வேண்டிய இவ்வண்டியில் தனியாள் வண்டிக்குரிய ஒற்றைப் பற்சக்கர அமைப்பே இருந்தது. பிரேக் முன்சக்கரத்திற்கு மட்டுமே. மேம்பாலம் வந்தால் ஓட்டுநர் இறங்கி இழுத்துச் செல்ல நேரும்.

இக்குறைகளைக் களையப் பல முயற்சிகள் நடைபெற்றன. மகாராஷ்டிரத்தின் பல்டன் நகரிலுள்ள நிம்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், கியரும் பின்சக்கர பிரேக்கும் கொண்ட ரிக்‌ஷாவை உருவாக்கிற்று. 1990-களின் இறுதியில் ஆக்ராவில் தொடங்கிய மற்றொரு திட்டத்தில் எடை சுமார் ஐம்பத்தைந்து கிலோவாகக் குறைக்கப்பட்டது. துர்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சூரிய ஆற்றல் ரிக்‌ஷா, 2008 அக்டோபரில் தில்லியில் அறிமுகம் செய்யப்பட்டது.

இவற்றுள் ஆக்ரா வடிவமே வட இந்திய நகரங்கள் பலவற்றில் பரவிற்று. சூரிய ஆற்றல் வண்டி பரவலாகவில்லை. காரணம் பொருளாதாரத்தில் உள்ளது. ரிக்‌ஷா ஓட்டுநர்களுள் பெரும்பாலோர் வண்டியை நாள் வாடகைக்கு எடுப்பவர்கள். வண்டி இலகுவாக இருப்பதன் நன்மை ஓட்டுநருக்குச் சேர்கிறது. விலை உயர்வின் சுமையோ உரிமையாளர்மீது விழுகிறது. ஆகவே, பழைய வண்டியின் விலைக்கு நெருங்கிய விலையில், உள்ளூர்ப் பட்டறையே செய்யக்கூடிய மாற்றங்கள்தாம் நிலைத்தன. சட்டத்தில் 2015-இல் முறையான இடம் பெற்ற மின் ரிக்‌ஷா, ஓட்டுநரின் வருவாயை நேரடியாக உயர்த்தியதால் வேகமாகப் பரவியது. வடிவமைப்பின் வெற்றி பொறியியலை மட்டுமன்றி, உடைமை உறவையும் பொறுத்தது என்பது இதனால் விளங்கும்.

சாலையும் சட்டமும்

1950-களில் திட்டமிடப்பட்ட சண்டிகரில் லெ கார்பூசியே சாலைகளை ஏழு வகைகளாகப் பிரித்தார். மிதிவண்டிக்கென எட்டாம் வகைப் பாதை பின்னர் சேர்க்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை, சாலைகள் வாகனங்களை அன்றி மக்களை மையமாகக் கொண்டு அமைய வேண்டும் என வலியுறுத்திற்று. ஆனால் கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடைவெளி இருந்தது. கொல்கத்தாவில் 2013-ஆம் ஆண்டு 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் அந்த எண்ணிக்கை குறைக்கப்பட்டது. பால், மீன், செய்தித்தாள் விற்போரின் அன்றாடப் பிழைப்பை அத்தடை நேரடியாகத் தாக்கிற்று. தில்லியில் 2008-இல் திறக்கப்பட்ட விரைவுப் பேருந்துத் தடத்தில் மிதிவண்டிக்குத் தனிப் பாதை அமைக்கப்பட்டிருந்தது. 2016-இல் அத்தடம் அகற்றப்பட்டது.

நீதிமன்றங்களும் இப்பிரச்சினையை ஆராய்ந்துள்ளன. தில்லியில் ரிக்‌ஷாக்களின் எண்ணிக்கை 99,000-ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பினை 2010-இல் உயர் நீதிமன்றம் நீக்கியது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. பெருந்தொற்றுக் காலமான 2020-இல் மத்திய அரசு தொடங்கிய மிதிவண்டி ஊக்குவிப்புப் போட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் பதிவு செய்துகொண்டன. எனினும், 2022-ஆம் ஆண்டில் மட்டும் 4,800-க்கும் மேற்பட்ட மிதிவண்டி ஓட்டுநர்கள் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர் என்பதை மறத்தலாகாது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, மிதிவண்டிப் பாதைகள் பூங்காக்களையும் ஏரிக்கரைகளையும் சுற்றி அமைவதோடு நின்றுவிடாமல், தொழிலாளர் குடியிருப்புகளையும் தொழிற்பேட்டைகளையும் சந்தைகளையும் இணைக்க வேண்டும். சுமையேற்றிய வண்டியும் மூன்று சக்கர வண்டியும் செல்லும் அளவுக்கு அவை அகலமாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, ரிக்‌ஷா ஓட்டுநரே வண்டியின் உரிமையாளராக எளிய தவணைக் கடன் கிடைக்க வேண்டும். அப்போதுதான் மேம்பட்ட வடிவத்தின் நன்மையும் செலவும் ஒருவரிடமே சேரும்.

மூன்றாவதாக, கேரியர், கொக்கி, பிரேக் ஆகியவற்றில் தெருவோரப் பட்டறைகள் கண்ட தீர்வுகளைப் பொறியியல் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் ஆராய்ந்து, பாதுகாப்பானவற்றைத் தரப்படுத்தித் திரும்ப அப்பட்டறைகளுக்கே கற்பிக்க வேண்டும்.

புதிய வண்டிகள் வரலாம். மின்விசையும் துணை சேரலாம். எந்த வடிவம் வந்தாலும், அது விடியற்காலையில் பால் கேன்களைச் சுமந்து செல்பவரின் சுமையைக் குறைக்கிறதா, அவர் பாதுகாப்பாக வீடு திரும்ப வழி செய்கிறதா என்பதே அதனை மதிப்பிடும் அளவுகோலாக இருத்தல் வேண்டும்.