கீரை வேகவைத்த தண்ணியைக் கொட்டாதீங்க!



ரப்பர் மரம் இலை உதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களைப் பற்றிப் பால்வெட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மங்கில் பால் குறையும். அதைத் தொடர்ந்து சம்பளச் சீட்டிலும் குறையும். நம்ம ஊர்ப்பக்கம் கோடை என்று சொன்னால் அந்த நாட்கள்தான். அப்புறம் ஜூன், ஜூலையில் இன்னொரு வெயில் வரும். ஜெலுபு, கோலாப்பிலா பக்கத்துக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தீபகற்பத்திலேயே மழை குறைந்த இடங்களில் ஜெலுபு ஒன்று. இந்தக் காசில்லாத நாட்களில் வீட்டுக்குள் வருவது என்ன? மெகி மீ, டின் மத்தி, ஒரு முட்டை, வெள்ளைச் சோறு. கொல்லையில் முருங்கை காற்றில் ஆடிக்கொண்டு நிற்கும். அதை எட்டிப் பறிக்க ஆளில்லை.

இந்தத் தடவை சமையல் பேசப் போகிறோம். ருசிக்காக மட்டும் இல்லை. நம்ம பெண்களுடைய ரத்தத்துக்காகவும், பெரியவர்களுடைய சர்க்கரைக்காகவும்.

2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேருக்கு ரத்தச் சோகை இருந்தது. அதே ஆய்வில், இந்தியர்களில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு. மூன்று பேர் நின்றால் ஒருவர்! போதுமான காய்கறி, பழம் சாப்பிடாதவர்கள் என்று கணக்கெடுத்தால், எல்லா இனத்தையும் சேர்த்து நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். கொல்லை வைத்திருக்கிறவர்கள்கூட இதில் சேர்த்தி என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஜெலுபுக் காட்டில் நடந்த சோதனை

சத்து என்பது எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் கைநழுவிப் போகும் என்பதற்கு நம்ம மாநிலத்திலேயே ஒரு கதை இருக்கிறது. உலக மருத்துவ நூல்களில் ஏறிய கதை. நம்ம பிள்ளைகளுக்குத் தெரியாது.

நூறு வருடத்துக்கு முன்னால் இந்த நாட்டில் பெரிபெரி என்ற நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கால் வீங்கும், மரத்துப் போகும், நடை தள்ளாடும், கடைசியில் நெஞ்சு நின்றுவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் நிறையப் பேர் செத்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலில் வேலை செய்த தமிழர்களுக்கு அந்த நோய் அதிகம் வரவில்லை. ஏன்? நெகிரி செம்பிலான் அரசாங்க மருத்துவராகச் சிரம்பானில் இருந்த டாக்டர் பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. நோய்க்கும் அரிசிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று 1907இல் அவர் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். ஆனால் அரிசியில் ஏதோ விஷம் சேர்கிறது என்று அவர் நினைத்தார். அந்த இடத்தில்தான் கணக்குத் தப்பியது.

பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு டாக்டர்கள், ஜெலுபு வட்டாரத்து டுரியான் திப்புஸ் காட்டில் ரோடு போட வந்த ஏறக்குறைய 300 ஜாவாத் தொழிலாளர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசி, இன்னொரு கூட்டத்துக்குப் புழுங்கலரிசி. வெள்ளை அரிசிக் கூட்டத்தில் பெரிபெரி வந்தது. புழுங்கலரிசிக் கூட்டத்தில் வரவில்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். அதுவரை சுகமாக இருந்தவர்களுக்கு நோய் வந்தது. 1909இல் முடிவை வெளியிட்டார்கள். விஷமும் இல்லை, தொற்றும் இல்லை. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிற ஒரு சத்துதான் குறை. இப்போது அதைத் தயமின், பி1 வைட்டமின் என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போகாது. நம்ம பாட்டிமார் எந்தச் சோதனைக்கூடத்தையும் பார்க்கவில்லை. புழுங்கல் பழக்கம் அவர்களைக் காப்பாற்றியது.

(அந்த ஜாவாக்காரர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. கூலிக்காரன் உடம்பு என்றால் அந்தக் காலத்தில் அவ்வளவுதான்!)

இந்தக் கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பி வைட்டமின்கள், சி வைட்டமின் எல்லாம் தண்ணீரில் கரைகிறவை. மில்லில் போகாமல் தப்பினது நம்ம அடுப்படியில் போகிறது. அரிசியை நாலு தண்ணீர் தேய்த்துக் கழுவுகிறோம். கீரையை நறுக்கி, பிறகு கழுவி, குண்டான் நிறையத் தண்ணீரில் அரைமணி நேரம் வேகவைத்து, பச்சைத் தண்ணீரை வடித்துச் சாக்கடையில் ஊற்றுகிறோம். அப்புறம் கிளினிக்கில் சத்து மாத்திரைக்கு வரிசை நிற்கிறோம்.

ஆகையால் முதல் காரியம்: முழுசாகக் கழுவுங்க, அப்புறம் நறுக்குங்க. கொஞ்சம் தண்ணி, மூடின சட்டி, குறைஞ்ச நேரம். மிஞ்சின தண்ணியைக் குழம்பிலோ ரசத்திலோ சேருங்க.

முருங்கையும் தேத்தண்ணியும்

முருங்கைக்கீரையை எல்லாரும் வாங்கித்தான் சாப்பிட வேண்டும் என்றால் அதற்கு மரியாதை இருந்திருக்கும். வேலியோரம் சும்மா நிற்பதால் இளக்காரம். அதில் இரும்புச் சத்து இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, கண்ணுக்கு வேண்டிய கரோட்டின் இருக்கிறது.

செய்முறை லேசானது. ஒரு கோப்பைப் பருப்பை மஞ்சள் தூள் போட்டுக் குழையாமல் வேகவைத்துக்கொள்ளுங்க. பருப்பு வெந்ததும் உருவின இலை மூன்று கைப்பிடி, நாலு பல் பூண்டு, நறுக்கின தக்காளி ஒன்று போட்டு ஐந்தாறு நிமிஷம் போதும். தனியாக ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு, சீரகம், சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டுங்க. அந்த எண்ணெய் வேண்டும்; கரோட்டின் எண்ணெயில்தான் உடம்பில் சேரும். ஆனால் ஒரு கரண்டிதான், அரைச்சட்டி வேண்டாம். இறக்கினபிறகு அரை எலுமிச்சை பிழியுங்க. ‘லிமாவ்’ எதுவாயிருந்தாலும் சரி, லிமாவ் கஸ்தூரி நாலு பிழிந்தாலும் போதும்.

புளிப்பு ருசிக்கு மட்டுமல்ல. கீரையிலுள்ள இரும்பு, இறைச்சியிலுள்ள இரும்பு மாதிரி உடம்பில் சுலபமாக ஒட்டாது. சி வைட்டமின் பக்கத்தில் இருந்தால்தான் இழுத்துக்கொள்ளும். அதற்கு நேர் எதிரி எது தெரியுமா? சாப்பிட்ட கையோடு குடிக்கிற தேத்தண்ணி! தேயிலையிலுள்ள துவர்ப்பு இரும்பைக் கட்டிப்பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். சேரவேண்டியதில் பாதிக்கும் மேல் வீணாகலாம். நம்ம தோட்டங்களில் விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டி, சோறும் கறியும் ஆக்கி, கேரியரில் கட்டி, போத்தலில் தேத்தண்ணியும் ஊற்றிக்கொண்டுதான் காட்டுக்குப் போகிறோம். பத்து மணிக்குச் சாப்பாடு, உடனே தேத்தண்ணி. அந்தத் தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. கர்ப்பமான பெண்கள் கண்டிப்பாக. இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீங்க.

தண்ணியைக் கொட்டியே ஆகவேண்டிய கீரை

மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு, இதை மறக்காதீங்க. மரவள்ளித் துளிர்.

நெகிரி செம்பிலான் கம்பங்களில் மரவள்ளித் துளிரை இடித்து, தேங்காய்ப்பாலும் சிலி பாடியும் மஞ்சளும் சேர்த்து ஒரு லெமாக் வைப்பார்கள். காரம் உச்சிமண்டையில் ஏறும், ஆனாலும் இரண்டாம் தட்டுச் சோறு கேட்கும். நம்ம வீடுகளிலும் அதைப் பழகிக்கொண்டோம், நல்லதுதான். ஆனால் மரவள்ளி இலையிலும் கிழங்கிலும் சயனைடு என்ற விஷமாகக்கூடிய பொருள் இருக்கிறது. இளந்துளிராகப் பார்த்துப் பறித்து, இடித்து அல்லது நன்றாகக் கசக்கி, நிறையத் தண்ணீரில், மூடாத சட்டியில் பதினைந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டு, அப்புறம்தான் தேங்காய்ப்பாலில் போடணும். கிழங்கையும் தோல் உரித்து, வேகவைத்த தண்ணியைக் கொட்டணும். கசக்கிற கிழங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

கிழங்கைச் சோற்றுக்குப் பதிலாக நம்பவும் கூடாது. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளியைத் தின்று உயிர் தாங்கினவர்கள் நம்ம பெரியவர்கள். அது வயிற்றை நிரப்பும் மாவு, அவ்வளவே, புரதம் இல்லை. கால் வீக்கமும் புண்ணும் அப்போது எங்கும் இருந்தது. கிழங்கு தின்கிற அன்று கூடவே பயற்றங்காயோ மீனோ இருக்கட்டும்.

தேங்காய்ப்பால் விஷயத்தில் ஒரு வார்த்தை. நெஞ்சுவலிக்காரர் வீட்டில் முதல் பாலைக் குறைத்து இரண்டாம் பாலில் செய்யுங்க. கொஞ்சம் நெத்திலி இடித்துப் போட்டால் குறை தெரியாது. நெத்திலியை மட்டும் இரண்டு தரம் தண்ணியில் அலசணும்; உப்பு அதில்தான் குடியிருக்கிறது. நெத்திலியும் பெலாச்சானும் போட்ட சட்டியில் மறுபடி உப்புப் போடுவது ரத்தக் கொதிப்புக்காரருக்கு நாமே வைக்கிற வினை.

கத்தரி, பாகல், பூசணி

கத்தரிக்காய் எண்ணெய் குடிக்கிற காய். முதலில் ஆவியில் அவித்துக்கொண்டு, பிறகு ஒரு கரண்டி எண்ணெயில் சம்பாலோடு பிரட்டினால் பொரித்ததற்கும் இதற்கும் ருசியில் அதிக வித்தியாசம் இல்லை. மஞ்சள் பூசணியை மிளகு, பூண்டு தட்டிப்போட்டுத் தோலோடு பிரட்டலாம். பல் இல்லாத தாத்தா பாட்டிக்கும் ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளுக்கும் அதை விட நல்ல காய் எது? வெண்டை, பயற்றங்காய், புடல் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த சமையல்தான். அதிகம் வேகவிடாதீங்க என்பதோடு விடுகிறேன்.

பாகற்காயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லணும். சர்க்கரைக்காரர் சிலர், “பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன், மாத்திரை எதற்கு?” என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கால் போனபிறகு வருந்துகிறார்கள். பாகற்காய் நல்ல காய். புளிக்குழம்பு வையுங்க, நெத்திலி போட்டு வதக்குங்க. மருந்து மட்டும் அது இல்லை. மாத்திரையோடு சாறையும் குடம் குடமாகக் குடித்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வருவதும் உண்டு.

சர்க்கரைக்காரருக்கு உதவுவது தட்டின் கணக்கு. அமைச்சு சொல்கிற ‘சுக்கு-சுக்கு-செப்பாரோ’ உங்களுக்குத் தெரிந்திருக்கும். இஞ்சிச் சுக்கு இல்லை! கால் தட்டுச் சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டுக் காய்கறியும் பழமும். நம்ம தட்டில் சோறு மலை, காய் எறும்பு. அதைத் தலைகீழாக்க, கொல்லைக் காய் இல்லாமல் நம்ம வருமானத்தில் முடியாது.

மருந்து டப்பாவில் தண்ணி மொள்ளாதீங்க

1930களிலேயே இந்த நாட்டில் இருந்த தொழிலாளர் சட்டம், குடும்பஸ்தத் தொழிலாளி ஒருவருக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிடவும் மாடு கட்டவும் ஒதுக்கச் சொன்னது. 2,700 சதுர அடி. தாளில் இருந்தது எல்லா இடத்திலும் மண்ணில் இருக்கவில்லை என்பது வேறு விஷயம். இன்று பலர் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பெயிண்ட் வாளியில் தண்டுக்கீரையும் மிளகாயும் வரும்; வாளியின் அடியில் ஓட்டை போட்டால் போதும். இன்னும் லயத்து வீட்டில் இருப்பவர்கள் கொல்லையை விட்டுவிடாதீங்க.

ஆனால் மருந்தடிக்கிற வேலைக்குப் போகிற வீடுகளுக்கு இது தனியாக. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை, நம்ம பெண்கள் வருடக்கணக்காக முதுகில் சுமந்து அடித்த அதே மருந்தை, 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடைசெய்துவிட்டார்கள். அதற்காகத் தொழிலாளர் பக்கம் நின்றவர்கள் பல வருடம் போராட வேண்டியிருந்தது. அது போனது என்பதால் மற்றவை பால் அல்ல. மருந்து வந்த டப்பா எத்தனை தடவை கழுவினாலும் செடிக்குத் தண்ணி ஊற்றவும், அரிசி போட்டு வைக்கவும் ஆகாது. அடிப்பகுதியை வெட்டியோ ஓட்டை போட்டோ ஸ்டோரில் திருப்பிக் கொடுங்க. வேலை முடிந்து வந்ததும் சட்டை மாற்றி, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு அப்புறம் கீரை பறிங்க, பிள்ளையைத் தூக்குங்க. மருந்தடித்த வரிசையோரம் தானாக முளைத்த தண்டுக்கீரை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் தொடவேண்டாம். சாக்கடையோரத்துக் கங்கோங்கும் அப்படியே. கரைமேட்டில் நட்டதைத்தான் சமைக்கணும்.

கடைசியாக, சிறுநீரகக் கோளாறு என்று டாக்டர் சொல்லியிருந்தால் மேலே எழுதினதை அப்படியே பின்பற்றாதீங்க. கீரையிலும் பூசணியிலும் உள்ள பொட்டாசியம் அவர்களுக்குச் சில நேரம் ஆபத்து. அவர்கள் வீட்டில் காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணியை வடித்துக் கொட்டச் சொல்வார்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டு, கொல்லையில் என்னென்ன காய் நிற்கிறது என்று எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்க.