குளிர்நாட்டுக் காரும் லித்தியம் மின்கலமும்

ஹைபிரிட் கார் என்பது பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் காராகும். காரோட்டி பிரேக்கை மிதிக்கும்பொழுது வீணாகும் ஆற்றலை அம்மோட்டார் மின்சாரமாக மாற்றி, மின்கலங்களில் சேர்த்து வைக்கின்றது. பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார், 1997ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் ஆகும்.

இரண்டாம் தலைமுறைப் பிரியஸ் காரில் 168 நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். பெருக்கிப் பாருங்கள், 201.6 வோல்ட் வரும். பல்லாண்டு உழைத்தபின் இவை தளர்ந்துவிடும். அப்பொழுது சிலர் இவற்றை நீக்கிவிட்டு லித்தியம் மின்கலங்களைப் பொருத்துகின்றனர். லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் ஒன்றுக்கு 3.2 வோல்ட். ஆகவே 63 மின்கலங்களே அதே 201.6 வோல்ட்டைத் தந்துவிடும், எடையும் குறையும். கணக்கு அழகாகத்தான் இருக்கின்றது! ஆயினும் இக்கணக்கில் குளிர் சேர்க்கப்படவில்லை.

கனடாவிலுள்ள வினிப்பெக் நகரில் ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 20 பாகை வரை இறங்குவது வழக்கம். தெருவோரத்தில் இரவெல்லாம் நின்ற காரின் மின்கலங்களும் அவ்வாறே குளிர்ந்து கிடக்கும்.

லித்தியம் மின்கலத்தில் மின்னேற்றும்பொழுது, லித்தியம் அயனிகள் நீந்திச் சென்று கிராபைட்டின் அடுக்குகளுக்கிடையே புகுகின்றன. நம் பென்சிலின் கருங்குச்சியில் இருப்பதும் கிராபைட்டே. மணியடித்ததும் மாணவர்கள் வகுப்பறைக்குள் நுழைவதைப் போன்றது இது. கடுங்குளிரில் வாயில் குறுகிவிட்டாற்போல் அயனிகள் உள்ளே புகத் திணறுகின்றன. பின்னால் வருபவை வாயிலிலேயே தேங்கி, உலோகமாக மாறிப் படிந்துவிடுகின்றன. அவ்வாறு படிந்ததில் ஒரு பகுதி மீண்டும் பயன்படுவதில்லை. மின்கலத்தின் கொள்ளளவு நிலையாகவே குறைந்துவிடும். அவ்வுலோகம் ஊசிபோல் வளர்ந்து உள்ளிருக்கும் மெல்லிய தடுப்பைத் துளைத்தால் மின்குறுக்கு ஏற்படும். இதனாலேயே சுழியம் பாகைக்குக் கீழே இவ்வகை மின்கலங்களில் மின்னேற்றலாகாது என்பர். மின்சாரத்தை வெளியே எடுப்பதில் இத்தீங்கு இல்லை; வலிமை குறையும், அவ்வளவே.

நிக்கல் மின்கலமும் குளிரில் சோர்வடையும். ஆனால் அதனுள் லித்தியம் இல்லாமையால் இப்படிவு உண்டாவதில்லை.

கைவிளக்கை வீட்டுக்குள் கொண்டுவந்து, குளிர் நீங்கிய பின் மின்னேற்றலாம். காரோட்டியால் அவ்வாறு காத்திருக்க இயலுமா? முதற் சந்தியில் பிரேக்கை மிதித்தவுடனே மின்னேற்றம் தொடங்கிவிடுமே! காரின் கணினியோ நிக்கல் மின்கலத்துக்கென அமைக்கப்பட்டது. பிரியஸில் மின்கலங்களைக் குளிர்விக்கும் காற்று, பயணிகள் அமரும் பகுதியிலிருந்தே செல்கின்றது. குளிர்காலத்தில் அது சற்று வெதுவெதுப்பைத் தரும். எனினும் புறப்பட்ட முதற் சில நிமிடங்களுக்கு அவ்வுதவி கிட்டாது. ஆதலால் குளிர்நாட்டில் மின்கலத்தை மாற்றுவோர், வெப்பநிலையை அறியும் கருவியையும், மின்கலங்களைச் சூடேற்றும் தகட்டையும், அவை சூடாகும்வரை மின்னேற்றத்தைத் தடுக்கும் அமைப்பையும் சேர்த்தே பொருத்த வேண்டும்.

நான்காம் தலைமுறைப் பிரியஸின் பல வகைகளில் டொயோட்டா நிறுவனமே லித்தியம் மின்கலங்களைப் பொருத்தியது. ஆயினும், பனிச்சாலைகளுக்கு ஏற்றதென 2019ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்காவில் விற்ற நான்கு சக்கர இயக்க வகையில், குளிரைக் கருதி நிக்கல் மின்கலத்தையே வைத்தது.