நாய்க்கு வறட்டு இருமலா?

தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் நாய் கக்கிக் கக்கி இருமி, கடைசியில் வெள்ளை நுரையைத் துப்பினால் அது ‘கென்னல் காஃப்’ ஆக இருக்கலாம்.

* போர்டெடெல்லா என்ற பாக்டீரியாவும் சில வைரஸ்களும் இதற்குக் காரணம். இருமல் காற்றிலும் பொதுத் தண்ணீர்க் கிண்ணத்திலும் தொற்றும். 2 முதல் 14 நாட்களில் அறிகுறி தெரியும்.

* இருமும் நாயை மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வையுங்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப்பட்டை போடுங்கள். கொசுவர்த்தி, ஊதுபத்திப் புகை ஆகாது.

* நமக்கு வாங்கிய இருமல் மருந்தையோ பாராசிட்டமாலையோ கொடுக்கவே கூடாது.

* பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்களில் சரியாகிவிடும். காய்ச்சல், மூச்சிரைப்பு, சளி, சாப்பிடாமை இருந்தாலோ, குட்டி அல்லது வயதான நாய் என்றாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

* தடுப்பூசி அவசியமா? வீட்டோடு இருக்கும் நாய்க்குக் கட்டாயமில்லை. காப்பகம், முடிவெட்டும் இடம், நாய்க் கண்காட்சி என்று போகும் நாய்க்குப் போடுவது நல்லது. ஊசியாகப் போட்டால் முதல் முறை 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. எனவே நாயைக் காப்பகத்தில் விட்டு ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் போட்டுப் பயனில்லை.

* இந்தத் தடுப்பூசி நோயை முழுதாகத் தடுக்காது, கடுமையைக் குறைக்கும். வெறிநோய்த் தடுப்பூசி வேறு. அதை ஒருபோதும் தவறவிடாதீர்கள்.