வண்டிக்குள் கேட்கும் ஓசைகள்

அம்பாசிடர் மோட்டாரில் ஹாரன் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் ஒலிக்கும் என்று ஒரு பழைய கேலிப் பேச்சு உண்டு. காளிகாட்டில் என் பெரியப்பா வீட்டு வண்டியில் ஹாரனும் நன்றாகவே ஒலித்தது. ஆகவே அந்தக் கேலிக்கும் அடங்காத வண்டி அது.

சொந்த மோட்டார் வைத்திருக்கும் மாணவர் நம்மில் எத்தனை பேர் என்று நண்பர்கள் சிரிக்கலாம். ஆனால், கிரீச்சிடும் நாற்காலியும் கடகடக்கும் சன்னலும் இல்லாத விடுதி அறை உண்டா? முறை இரண்டுக்கும் ஒன்றுதான். நான் அதைக் கற்றது வண்டியில். இடையில் ஒரு தவறும் செய்தேன். அத்தவறுக்காகவே இதை எழுதுகிறேன்.

2018 ஆம் ஆண்டு மழைக்காலம். பெரியப்பாவின் வண்டி 1996-இல் வாங்கியது. ஊக்ளி ஆற்றங்கரையில் உத்தரபாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பிறந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடியொற்றி 1957-இல் அங்கே தொடங்கிய அம்பாசிடர், 2014 வரை பெரிய மாறுதலின்றி வந்துகொண்டிருந்தது. ஆலை நின்றபின் உதிரிப் பாகம் வேண்டுமானால் மல்லிக் பஜார்ப் பழங்கடைகளைத்தான் தேட வேண்டும்.

பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டும் பஸ் படியும் அவர்களுக்கு ஆகா. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கீரையும் வாங்கவும், வாரம் ஒருமுறை வைத்தியரிடம் போகவும் அந்த வண்டிதான் கால். அப்படிப்பட்டவர்களே ஒருநாள், "இந்தத் தகர டப்பாவில் இனிமேல் ஏற மாட்டேன். காது கிழிகிறது, தலை வலிக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். பட்டறைக்காரர் ஒருவர் உள்ளலங்காரம் முழுவதையும் பிரித்து மாற்றவேண்டும் என்று பெரிய தொகை சொன்னார். வேறொருவர் வண்டியை உதிரிப் பாகத்துக்காக விலைக்குக் கேட்டார். பெரியப்பா என்னைப் பார்த்து, "பௌதிகம் படிக்கிறாயே, ஓசைக்கு மருந்து கிடையாதா உன் புத்தகத்தில்? இரண்டு ஞாயிற்றுக்கிழமை தருகிறேன். ஆகாவிட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான்" என்றார்.

மருந்துக்கு முன் நோய் தெரியவேண்டும். முதல் ஞாயிறு காலை நான் செய்தது வண்டியைக் காலி செய்ததே. டிக்கியில் கட்டாமல் கிடந்த ஜாக்கியும் அதன் கம்பியும், எண்ணெய் டப்பா, ஒரு பித்தளைச் சொம்பு, கதவுப் பைகளில் பேனாக்கள், முன்பெட்டியில் நாணயங்கள் போட்ட விபூதி டப்பா. பின்னிருக்கையின் மெத்தையைத் தூக்கினால் கொண்டை ஊசிகளும், 2011-இலேயே செல்லாமற்போன நாலணாக் காசு இரண்டும். இவற்றை எடுத்து, ஜாக்கியைப் பழந்துணியில் சுற்றிக் கட்டியதுமே ஓசையில் பெரும்பங்கு போய்விட்டது. செலவு ஒன்றுமில்லை. பட்டறைக்காரர் சொன்ன தொகையை நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது சோதனை ஓட்டம். ஓட்டுபவர் ஓட்டுவதை மட்டுமே செய்யவேண்டும். கேட்பவர் வேறொருவராக இருக்கவேண்டும். பெரியப்பா ஓட்டினார், நான் பின்னால் உட்கார்ந்தேன். ராஸ்பிகாரி அவென்யூவில் டிராம் தண்டவாளத்தைக் கடக்கும் இடம் ஒன்று, காளிகாட்டுச் சந்து ஒன்று. ஒரே வழியில் ஒரே வேகத்தில் நான்கு முறை போனோம். ரேடியோவையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, எந்த ஓசை எப்போது வருகிறது என்று குறித்துக்கொண்டேன். ஓசை எழும்போது ஐயமுள்ள பொருளைக் கையால் அழுத்திப் பார்ப்பேன். அழுத்தியதும் நின்றால் குற்றவாளி அதுவே. காது ஏமாற்றும், கை ஏமாற்றாது. முன்பக்கம் என்று நான் சத்தியம் செய்த ஓசை ஒன்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

ஓசைகளை மூன்று இனமாகப் பிரிக்கலாம். மேடுபள்ளத்தில் மட்டும் 'கடகட' என்பது ஓர் இனம். இடைவெளியுள்ள இரண்டு பொருள்கள் முட்டிக்கொள்வதால் வருவது. வண்டி நிற்க, எஞ்சின் ஓடும்போது 'ரீங்' என்பது இன்னோர் இனம். எஞ்சினின் அதிர்வு, மெல்லிய தகடு ஒன்றின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போவதால் எழுவது. மெதுவாகத் திரும்பும்போதும் ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போதும் 'கிரீச்' என்பது மூன்றாவது. அம்பாசிடருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடல்தகடே சட்டம். ஒரு சக்கரம் உயர்ந்தால் உடல் முழுவதும் சிறிது முறுகும். அப்போது ஒன்றன்மேல் ஒன்று படிந்த பொருள்கள் மயிரிழை அளவு நகர்ந்து உராய்கின்றன.

இந்த மூன்றாம் இனம் நமக்கு அயலானதன்று. வயலினில் வில் தந்தியைப் பற்றி இழுக்கிறது. இழுவிசை பற்றை மீறியதும் தந்தி வழுக்கித் திரும்புகிறது. வில் மறுபடி பற்றுகிறது. நொடிக்குப் பலநூறு முறை நடக்கும் இந்தப் பற்றலும் வழுக்கலுமே இசை. அசையாது நிற்கும்போது உள்ள உராய்வு, வழுக்கும்போது உள்ள உராய்வைவிட மிகுதியாக இருப்பதால் இது நிகழ்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1907-இல் கணக்குத்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்து, அலுவலகம் போக மிஞ்சிய நேரத்தைப் பௌபஜார்த் தெரு 210-ஆம் எண்ணில் இருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் செலவிட்டார் அல்லவா? அங்கே அவர் நெடுநாள் ஆராய்ந்த பொருள்களில் ஒன்று இதுதான். வில்லால் இழுக்கப்படும் தந்திகளின் அதிர்வு பற்றிய அவருடைய பெரிய ஆய்வுரையை 1918-இல் அக்கழகம் வெளியிட்டது. 1939-இல் கேம்பிரிட்ஜில் பௌடன், லெபன் என்ற இருவர், உலோகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போதும் இதே பற்றலும் வழுக்கலும் நடப்பதை அளந்து காட்டினர். பெரியப்பாவின் பின்னிருக்கை, யாரும் கேட்க விரும்பாத ஒரு வயலின். அவ்வளவே.

இது தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும். கடகடப்புக்கு இடைவெளியை ஒழிக்கவேண்டும்; இறுக்கலாம், அல்லது மெத்தென்ற பொருளை இடையில் வைக்கலாம். கிரீச்சொலிக்கு இரண்டு உராய்வுகளுக்கும் உள்ள வேற்றுமையைக் குறைக்கவேண்டும். தூள், மெழுகு, கம்பளித்துணி எதுவும் ஆகும். கடகடப்புக்கு எண்ணெய் விடுவது வீண். கிரீச்சுக்கு மேன்மேலும் திருகாணியை முடுக்கினால் சிலசமயம் ஓசை கூடும்.

நான் பயன்படுத்திய பொருள்கள் இவை: முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர், ஒரு மெழுகுவத்தி, தடித்த ஃபெல்ட் துணி ஒரு முழம், துணிநாடா, ஒரு சிறு குழாய் சிலிகான் கிரீஸ், திருப்புளி, ஸ்பானர். கதவைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டையை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டுப் பவுடர் தடவினேன். ரப்பருக்குத் தேங்காயெண்ணெயோ எஞ்சின் ஆயிலோ தடவாதீர்கள். அன்றைக்கு ஓசை நிற்கும். ஆனால் எண்ணெய் பட்ட ரப்பர் நாளடைவில் ஊதிப் பிசுபிசுத்துவிடும், புழுதியும் சேரும். பின்னிருக்கையின் அடிக்கம்பிகள் ஒன்றோடொன்று உரசும் சந்திப்புகளில் துணிநாடா சுற்றினேன். முன்பெட்டி மூடியின் விளிம்பில் ஃபெல்ட் துண்டு இரண்டு ஒட்டினேன். திருகாணிகளில் இளகியவற்றை மட்டும் இறுக்கினேன். பிளாஸ்டிக்கில் ஏறும் திருகாணியை முழுப்பலத்தோடு திருகினால் பிளாஸ்டிக் விண்டுபோகும். பிறகு அந்த ஓசைக்கு மருந்தே இல்லை.

சன்னல் கண்ணாடி கொஞ்சம் படுத்தியது. கதவுக்குள் அது ஏறி இறங்கும் வாய்க்காலில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் தேய்ந்துபோயிருந்தது. பாதி இறக்கிய கண்ணாடியை இரு விரலால் அசைத்தால் 'தடதட' என்றது. மல்லிக் பஜாரில் கிடைத்த புதிய பட்டையை அளவாக வெட்டி மாட்ட ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. நகம் ஒன்றும் போயிற்று.

இரண்டாம் ஞாயிறு மாலை ஒரே ஓர் ஓசை மிச்சம். இடப்பக்கப் பின்கதவில் 'டக்'. தண்டவாளத்தைக் கடக்குந்தோறும் ஒரு முறை. கதவைக் கையால் அழுத்தினால் நின்றது. இருட்டிக்கொண்டு வந்தது, மழை வேறு. கதவு வந்து படியும் நிலையில் தடித்த ரப்பர்த் துண்டு ஒன்றை ஒட்டி, ஓங்கிச் சாத்தினேன். ஓசை அடியோடு நின்றது. பெரியப்பா இரண்டு தெரு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரன்டா நீ" என்று முதுகில் தட்டினார். பெரியம்மா அடைதோசை வார்த்துப் போட்டார்கள்.

படுத்தபின் உறக்கம் வரவில்லை. மற்ற ஓசைகளுக்கெல்லாம் எவ்விரு பொருள்கள், ஏன், என்று விடை கண்டபின்தான் கைவைத்தேன். இதற்கு மட்டும் 'ஏன்' என்று கேட்கவில்லை, வாயைப் பொத்திவிட்டேன். அந்தக் கதவு ஏன் ஆடுகிறது? அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முழங்காலை மடக்க முடியாமல் இருக்கையின்மேல் காலை நீட்டி, அந்தக் கதவில்தான் பெரியம்மா முதுகைச் சாய்த்து உட்காருவது வழக்கம்.

விடிந்ததும் கையில் விளக்கோடு இறங்கினேன். கதவின் நாக்கு வந்து மாட்டும் கொண்டி, தூணில் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கிறது. அத்திருகாணிகள் இளகியிருந்தன. கதவு சாத்தியபின்னும் ஆடியதற்கு அதுவே காரணம். நான் செய்ததோ அதைவிடக் கேடு. கதவுப் பூட்டுக்கு இரண்டு பிடி உண்டு. முதற்பிடி கதவை ஒருவாறு நிறுத்தும். இரண்டாம் பிடியே முழுப் பூட்டு. என் ரப்பர்த் துண்டின் தடிப்பால் கதவு முழுவதும் உள்ளே போகாமல் முதற்பிடியிலேயே நின்றிருந்தது. ரப்பர் அதை வெளியே நெருக்கிக்கொண்டிருந்ததால் ஆட்டமில்லை, ஓசையுமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பின்கதவின் விளிம்பு முன்கதவைவிட ஒரு விரற்கடை துருத்தியிருந்தது. முந்தின நாள் நான் அதைப் பார்க்கவில்லை. காதை மட்டுமே நம்பியிருந்தேன்.

ரப்பரைப் பிய்த்தெறிந்தேன். கொண்டி இருந்த இடத்தைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு, சிறிது உள்ளே தள்ளி இறுக்கினேன். கதவு இரண்டு முறை 'டக் டக்' என்று ஒலித்து முழுப்பிடியில் அமர்ந்தது. கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். சிறிது ஏறி இறங்கிற்று. அப்படியானால் கீல் ஊசியும் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அது என் கைக்கு மீறிய வேலை. மிஸ்திரி ஒருவர் புது ஊசி போட்டுக் கொடுத்தார்.

பெரியப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அவளிடம் சொல்லாதே, மறுபடி ஏறமாட்டேன் என்பாள்" என்றார். நான் சொல்லிவிட்டேன். சாய்ந்து உட்காருகிறவர்களுக்குத் தெரியவேண்டுமே! பெரியம்மா அன்றுமுதல் கதவைச் சாத்தியபின் உள்ளிருந்து ஒருமுறை தோளால் தள்ளிப் பார்த்துவிட்டே சாய்கிறார்கள். வழியில் எங்கே ஓசை கேட்டாலும், "அது எதுவும் எதுவும் முட்டுகிறது, சொல்" என்று என்னைக் கேட்பதும் வழக்கமாகிவிட்டது.

கதவு, இருக்கையைத் தரையில் பிணைக்கும் போல்ட்டு, பிரேக், ஸ்டியரிங், சக்கரம் ஆகிய இடங்களிலிருந்து வரும் ஓசைக்கு ஃபெல்ட்டும் பவுடரும் போடக் கூடாது. காரணம் தெரியும்வரை அது ஒலிக்கட்டும்.

பவுடரும் நிலையான மருந்தன்று. அவ்வாண்டு மார்கழியில் காற்று உலர்ந்ததும் பின்னிருக்கையில் கிரீச்சொலி மெல்லத் திரும்பிற்று. ஈரப்பதமும் வெப்பமும் மாறினால் ரப்பரும் தோல்துணியும் பற்றும் வகையும் மாறும். அரைமணி நேரத்தில் துடைத்துப் பவுடர் தடவி முடித்தேன். பெரியம்மா பக்கத்தில் நின்று, எந்தக் கம்பி என்று விரலால் காட்டினார்கள். அவர்கள் சொன்ன கம்பியேதான்.