திருமுழுக்கும் குலமும்

மதுரையினின்று திருமங்கலம் வழியாக இராஜபாளையம் செல்லும் சாலையில் டி. கல்லுப்பட்டி என்னும் ஊர் உள்ளது. அங்கே 1940-இல் கோ. வேங்கடாசலபதி தோற்றுவித்த காந்தி நிகேதன் ஆசிரமத்தைப் பேருந்திலிருந்தே பார்த்திருப்போம். காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதிக் காலத்தை அங்கேதான் கழித்தார். கதராடையும் எளிய குடிலுமாக வாழ்ந்த அப்பெரியவர் ஒரு கிறித்தவர் என்பதை நம்மில் பலர் அறியோம். நானும் அறியாதிருந்தேன். அவர் பெயர்தான் என்னை இக்கட்டுரைக்கு இழுத்து வந்தது.

1892-இல் தஞ்சையில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு வழங்கிய பெயர் ஜோசப் செல்லதுரை கொர்நேலியஸ். இலண்டனில் கணக்காயர் பயிற்சி, அமெரிக்காவில் மேற்படிப்பு என்று ஆங்கில நாகரிகத்தில் ஊறியவர் அவர். பின்னர்க் குடும்பத்தின் பழைய பெயராகிய குமரப்பா என்பதை மேற்கொண்டார். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தார். ஆனால் சமயத்தை விடவில்லை. பெயரை மாற்றியவர் திருமுழுக்கை மறுத்தாரா? இல்லை. அப்படியானால் திருமுழுக்கு ஒருவனை எதில் சேர்க்கிறது?

அவர் பின்னுக்குத் தள்ளிய அந்தக் 'கொர்நேலியஸ்' என்ற பெயரிலேயே இவ்வினாவின் வேர் இருக்கிறது. விவிலியத்தில் அப்போஸ்தலர் பணிகள் பத்தாம் அதிகாரம் கூறும் கொர்நேலியு ஓர் உரோமைப் படைத்தலைவன், யூதன் அல்லன். அவன் வீட்டிற்குள் நுழைவதும் அவனோடு உண்பதும் யூத வழக்கப்படி தகாதவை. பேதுரு தயங்கினார், பின் சென்றார், அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் நீரால் முழுக்கு அளிக்கச் செய்தார். அவன் முதலில் யூதனாகட்டும் என்று கேட்கவில்லை. எருசலேமில் இருந்தோர் பேதுருவின்மீது சாட்டிய குற்றம் அவர் முழுக்கு அளித்தார் என்பது கூட அன்று. விருத்தசேதனம் இல்லாதாரோடு உண்டார் என்பதே. சோற்றுப் பந்தியில் எழுந்த சிக்கல் இது. நம் நாட்டார்க்கு இதனை விளக்கவே வேண்டா.

திருமுழுக்கு என்று கத்தோலிக்கரும், ஞானஸ்நானம் என்று சீர்திருத்தச் சபையாரும் வழங்கும் இச்சடங்கின் மூலச்சொல் கிரேக்கத்தில் 'அமிழ்த்துதல்' எனப் பொருள்படும். நீருள் அமிழ்தல் கிறிஸ்துவோடு இறத்தலையும், வெளிவருதல் அவரோடு உயிர்த்தலையும் குறிக்கும் என்பது பவுலடியாரின் விளக்கம். குழந்தைக்கு அளிப்பதா, அறிவறிந்தபின் அளிப்பதா, தலையில் நீர் வார்ப்பதா, முழுதும் அமிழ்த்துவதா என்னும் வேறுபாடுகள் சபைக்குச் சபை உண்டு. அவற்றில் நான் புகவில்லை. முழுக்குப் பெற்றோரிடையே யூதன், கிரேக்கன், அடிமை, உரியவன், ஆண், பெண் என்ற பிரிவு இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய கருத்தே இங்கு வேண்டுவது. ஒரு குலத்தினின்று மற்றொரு குலத்திற்கு மாறுவதன்று இச்சடங்கு; குலக்கணக்கையே நீரில் விடுவது.

கோட்பாடு அவ்வளவு தெளிவாக இருந்தும் மதுரையில் நடந்தது வேறு. 1595 முதல் மதுரையில் பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் இயேசு சபைத் துறவி உள்ளூர் இந்துக்களில் எவரையும் சேர்க்க இயலவில்லை. முழுக்குப் பெற வருவோரிடம் பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்ற பொருளிலேயே கேட்கப்பட்டது என்பர். பரங்கி என்றால் இங்கே யார்? மாட்டிறைச்சி உண்பவன், மது அருந்துபவன், போர்ச்சுகீசியன். சமயத்தில் சேர்க்கும் சடங்கை ஓர் அயல்நாட்டுச் சாதியில் சேர்க்கும் சடங்காகவே மக்கள் கண்டனர். கேள்வியே அப்படி இருக்க, மக்களைக் குறை கூறுவதெப்படி?

1606-இல் மதுரை வந்த இராபர்ட் டி நொபிலி இப்பிழையைக் கண்டுகொண்டார். தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார். காவி உடுத்து, புலால் நீத்து, தனியே வாழ்ந்தார். தாம் பரங்கி அல்லர் என்றும், கிறித்தவனாவதற்குப் பரங்கியாக வேண்டியதில்லை என்றும் வாதிட்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் குலவழக்கு, சமயக்குறி அல்ல என்ற அவருடைய வாதத்தைத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623-இல் ஏற்றார். கொர்நேலியு யூதனாக வேண்டியதில்லை என்ற பழைய தீர்ப்பின் மதுரைப் பதிப்பு என்று இதனைச் சொல்லலாம்.

ஆனால் பாதித் தீர்ப்புதான். பேதுரு கொர்நேலியுவின் வீட்டில் உண்டார். நொபிலியின் வழியிலோ மேற்குலத்தாரோடு பழகும் துறவி கீழ்நிலையில் வைக்கப்பட்டோருடன் வெளிப்படையாகப் பழக இயலாது. ஆதலால் 1640-இல் அவர்களுக்கெனப் பண்டாரசாமிகள் என்ற தனித் துறவியர் ஏற்பட்டனர். அயலாரின் குலம் சுமத்தப்படாதபடி காத்தவர், சொந்தக் குலத்தைக் கோயிலுக்குள் வரவிட்டார். நொபிலியின் தமிழ்த்தொண்டைப் போற்றும் நாம் இதனை மறைத்துப் பேசுதல் முறையன்று.

கோயிலுக்குள் வந்த குலம் சுவராகவும் எழுந்தது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் கால்சட்டைபோல் இரு பிரிவாகக் கட்டிய கோயிலில் ஒரே பீடத்தின் முன் இரு சாதியார் சுவரின் இருபுறம் நின்று வழிபட்டனர். 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. வழக்குமன்றம் வரை சென்றும் மீண்டும் எழவில்லை. சீர்திருத்தச் சபையாரிடத்தும் சிக்கல் இதுவே. 1834-இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன் 1847-இல் தன் ஊழியரும் சபையாரும் குலவேறுபாடின்றிச் சேர்ந்துண்ண வேண்டும் என்றது. முழுக்கை விரும்பி ஏற்றோர் பலர் அந்தச் சோற்றுக்கு உடன்படவில்லை.

சட்டமும் இன்றுவரை இவ்வினாவை விட்டபாடில்லை. 1950-ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணை அவ்வுரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் அட்டவணைச் சாதிச் சான்று கோரிய வழக்கில், அவர் குழந்தைப் பருவத்தில் பெற்ற திருமுழுக்கும் சான்றுகளுள் ஒன்றாக நின்றது. உச்சநீதிமன்றம் கோரிக்கையை மறுத்தது. ஆணையின்படி பார்த்தால் முழுக்கு ஒருவனைச் சாதியினின்று எடுத்துவிடுகிறது. ஆனால் தேநீர்க்கடையிலும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் எடுத்துவிடவில்லை. பவுல் எழுதியதைச் சபை செய்து முடிக்கவில்லை. முடிந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இடையில் நிற்பவன் இரண்டிலும் இழக்கிறான்.

இனி குமரப்பாவிடம் வருவோம். 1930 அறப்போரில் சத்தியாக்கிரகிகள் அடிபட்டபோது, கிறித்தவத் திருச்சபை இக்கொடுமையை எதிர்த்துப் பேச வேண்டும் என்று கல்கத்தாவிலிருந்த ஆங்கிலிக்கப் பேராயர் பாஸ் வெஸ்ட்கட்டுக்கு எழுதினார். பேராயர் அரசின் பக்கமே நின்றார். ஆளும் இனத்தின் திருச்சபை, ஆளப்படும் மக்கள் என்று இரண்டு இருக்க, முழுக்குப் பெற்ற இந்தியன் எங்கே நிற்பது என்பதுதான் அந்தக் கடிதப் போக்குவரத்தின் உட்பொருள். குமரப்பா நின்ற இடம் சிறை. 1942 போராட்டத்திற்குப்பின் சிறையிலிருந்தபோது இயேசுவின் போதனைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1945-இல் வெளிவந்தது. அவருடைய நிலைத்த பொருளாதார நூலும் அதே சிறையில், அதே காலத்தில் எழுந்ததே. இரண்டும் அவருக்கு வெவ்வேறு துறைகள் அல்ல.

கல்லுப்பட்டிக் குடிலில் அவர் ஓர் ஏழை உழவனின் படத்தை வைத்திருந்தார் என்றும், யாரென்று கேட்டோரிடம் தம் குருவின் குரு என்று சொல்வார் என்றும் கூறுவர். குருவென்று அவர் குறித்தது காந்தியடிகளை. 1960-ஆம் ஆண்டு, அக்குருவின் நினைவு நாளாகிய ஜனவரி 30 அன்றே அவரும் மறைந்தார். அந்நாள் வரை ஜே. சி. என்ற முதலெழுத்துகளை அவர் விடவில்லை. ஜோசப், கொர்நேலியஸ் இரண்டும் அவர் பெயருக்கு முன்னால் இருந்தன. குமரப்பா என்று ஊரார் அழைத்தனர்.