மருத்துவப் பிழையும் பிராரத்தமும்

நுகர்தற்குரிய வினை நுகர்ந்தே தீரும் என்பது சித்தாந்த நூற்றுணிபு. ஆயின் அவ்வினை பிறனொருவனது அசட்டை வாயிலாக வந்தவிடத்து, அவனைக் குறைகூறுதல் சைவர்க்குத் தகுமோ என்னும் ஐயம் எம் குடும்பத்திலேயே எழுந்தமையின், அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில், ஆசிரியப் பணி புரிந்த கணவருடன் குடியேறி, அவர் சிவபதம் எய்திய பின்னும் அவ்வூரை விட்டு நீங்காது வாழ்ந்தவர் எம் தங்கையார். சென்ற கார்த்திகையில் ஓரிரவு அவர்க்கு மூச்சிளைப்பு மிகுந்தது. அண்டையிலிருந்த மலையாளிக் குடியினர் நால்வர் தூளிகட்டிச் சுமந்து சாலைக்குக் கொணர்ந்து, கிடைத்த வண்டியில் ஏற்றினர். சேர்த்த மருத்துவமனையின் பெயர் ஈண்டு வேண்டா. தாழ்வாரத்து விசிப்பலகையிற் கிடத்தி, ‘மருத்துவர் வருவார்’ என்றனர். பிராணவாயுக் கலம் அடுத்த அறையில் இருந்தது. அவ்வறையின் திறவுகோல் யாரிடம் உளது என்பது விடியுமளவும் ஒருவர்க்கும் தெரிந்திலது. ஞாயிறு எழுமுன் உயிர் பிரிந்தது.

துக்கம் வினவ வந்த முதியவரொருவர், யாம் பெரிதும் மதிக்கும் கல்வியாளர், “பிராரத்தம் அவ்வளவே, மருத்துவரை நோவானேன்?” என்றார். நாற்பது ஆண்டு சிவஞான சித்தியார் பாடஞ் சொன்ன யாம், இவ்வுரையையே எத்தனையோ வீடுகளிற் சென்று கூறியிருக்கின்றோம். அன்று அஃது எம் செவியிற் புகவில்லை. உரை பொய்யோ, எம் மனம் பக்குவமின்றோ என்று பன்னாள் மயங்கினோம்.

சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியார், பேறு முதற் சாக்காடு ஈறாக ஆறும் கருவிலேயே அமைந்தன என்பர். அச்சூத்திரத்திலேயே, இறைவன் இன்ப துன்பங்களை ஊட்டி வினை நீக்குதற்கு மருத்துவனை உவமை காட்டுகின்றார். சில நோயை அறுத்துக் கீறியும் சில நோயைப் பாலும் கட்டியும் கொடுத்தும் மருத்துவன் தீர்ப்பதுபோல என்பது கருத்து. இவ்வுவமையைப் பலகாலும் விரித்துரைத்த யாம் ஒன்றை நோக்கினோமில்லை. அறுக்கும் மருத்துவனும் பால் கொடுக்கும் மருத்துவனும் நோயாளியின் அருகிலேயே நிற்கின்றனர். நோய் இன்னதென அறிந்தே செய்கின்றனர். வாராதிருந்த மருத்துவனுக்கு அவ்வுவமையில் இடமில்லை. ஆகவே அவனது செயலை இறைவன் செயலென்று கூறி அவனைக் காத்தல், உவமையைப் பிழைபடக் கொள்வதாம்.

அற்றேல், சாக்காடு முன்னமே அமைந்ததாயின், திறவுகோல் கிடைத்திருப்பினும் உயிர் நில்லாதன்றோ எனின், நில்லாதென்றே வைத்துக்கொள்க. தேடாதவன் செயல் அதனால் வேறாகாது. எம் தங்கையார்க்குப் பிராரத்தத்தின் முடிவாயது, அவனுக்கு ஆகாமியத்தின் தொடக்கம். நிகழ்ச்சி ஒன்று, கணக்கு இரண்டு.

இதற்குப் பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பே போதிய சான்று. தேர்க்காலிற்பட்டு இறந்த கன்றுக்கும் வினையுண்டு. எனினும் ஆராய்ச்சிமணியை அசைத்த பசுவை நோக்கி, ‘உன் கன்றின் ஊழ் இது’ என்று மனுநீதிச் சோழர் கூறினாரல்லர். கழுவாய் செய்தமையலாம் என்ற அமைச்சர் சொல்லையும் ஏற்றாரல்லர். திருவாரூர்ப் பெருமான் காட்சி கொடுத்தது மணியோசைக்குச் செவிசாய்த்தவர்க்கேயன்றோ!

மணியசைத்தல் வேறு, பகை வளர்த்தல் வேறு. பகைக்கும் மனத்தால் யாமும் ஆகாமியம் ஈட்டுவோம். ஆதலின் முயன்றும் தவறியதையும் முயலாமையையும் பிரித்தறிதல் வேண்டும். இந்நாட்டு உச்ச நீதிமன்றமும் 2005-இல், மருத்துவரது ஒவ்வொரு பிழையும் குற்றமாகாது, பெருங்கவனக்குறைவே தண்டனைக்குரிய குற்றமாம் எனப் பிரித்தது. 1996-இல், தக்க காலத்தே சிகிச்சை அளியாத அரசு மருத்துவமனையின் செயல் உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதெனத் தீர்ப்பளித்ததும் அம்மன்றமே. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிற் சில நாட்களுக்குள் பத்துக்கு மேற்பட்ட பச்சிளங்குழவிகள் இறந்தபோது, எடைக்குறைவும் குறைப்பிரசவமும் காரணம் என்றது அரசு, கவனக்குறைவென்றனர் பிறர். எது மெய்யாயினும், எடை குறைந்து பிறக்கும் குழவிக்குப் பின்னே உண்ணப்பெறாத தாயொருத்தி இருத்தல் கூடும். ‘ஊழ்’ என்று கூறி நாம் விரைவில் எழுந்துவிடுவோமாயின் அவளை வினவுவார் யார்?

இனி, எம்மையே யாம் வருத்திக்கொண்ட வினா ஒன்றுண்டு. முன்னமே எம்மிடம் அழைத்துக்கொண்டிருந்தால்? வேறோர் ஊர்க்குக் கொண்டு சென்றிருந்தால்? அற்றை நாளில் அறிந்த அளவிற்கு அன்போடு செய்த செயலில், பின்னர் வந்த அறிவைக்கொண்டு குற்றங் காண்டல் முறையன்று. ஈதெல்லாம் எழுதுதற்கு எளிது. நெஞ்சு இசைதற்குத் திங்கள் பல ஆயின.

ஈட்டுத்தொகை வேண்டாது, இரவில் மருத்துவரொருவர் இருக்கவும், பிராணவாயு அறையின் திறவுகோல் சுவரிலேயே தொங்கவும் வேண்டி, உரியவர்க்கு விண்ணப்பம் விடுத்தோம். ‘ஆவன செய்யப்படும்’ என்று ஒற்றை வரியில் விடை வந்தது. மாசியில் தங்கையாரது வீட்டை ஒழிக்கச் சித்தேரிக்குச் சென்றோம். தூளி சுமந்தவருள் மூத்தவர் வந்து, நெடுநேரம் பேசாதிருந்து, “நாங்க இன்னும் வெரசா நடந்திருக்கணுமோ, சாமி?” என்றார். எமக்கு யாம் கூறிக்கொண்டதையே அவர்க்கும் கூறி, விண்ணப்பத்தின் படியைப் படித்துக் காட்டினோம். திறவுகோல் பற்றிய வரியை மட்டும் மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார்.